பதினெட்டு நாளும் ஒரு மணி நேரமும்

அன்பு மகன்,

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழிக்குஞ்சுகளைக் கொன்றவள் உன் அம்மா. கொலை தொடங்கிய காலையில் அவை பொரிக்கவேண்டிய அறை வாசலிலேயே நின்று, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலப்பம் சாப்பிட்டாள். ஒரு கோப்பை அல்ல, இரண்டு. இரண்டாவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒப்புக்கொள்ள உட்கார்ந்த பிறகு பாதியை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. போன கிழமைதான் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை முகத்திலிருந்து இறக்காமலே, "அதான் முட்டை திங்காம இருந்தியா? நான் கொலஸ்ட்ரோலுக்குப் பயந்துட்டியோன்னு நெனச்சேன்" என்றார். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது இவ்வளவுதான். உன் கல்யாணத்துக்கு முன் இதையும் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "அம்மா, கோழிக்குஞ்சு ஹாஜியார் நாவுலையிலேர்ந்து பேசினாரு. பழைய கம்பியூட்டர் சாகக் கெடக்காம். புது லெப்டொப் வாங்கிட்டாரு. அதுல பைத்தன் மூணுதான் ஓடும், ஒங்க ப்ரோக்ராம் ரெண்டுல எழுதினது. ஃப்ளைட் ஏர்றதுக்கு முந்தி நான் மாத்திக் குடுத்துர்றேன். மாத்துறதுக்குன்னே டூல் இருக்கும்மா. ஒரு நாள் வேலை." நான் "நல்லது மகன்" என்றேன். சாப்பிட்டாயா என்றும் கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டு நாட்காட்டி முன்னால் நின்று விரல்விட்டு எண்ணினேன். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அடைகாக்க முட்டை வைக்கிறார்கள். அன்றே நீ மாற்றிக் கொடுத்துவிடுவாய். உன் விமானம் முட்டைகளுக்குப் பதினாறாம் நாள். பதினெட்டாம் நாள் நீ சிங்கப்பூரில் புது ஒஃபீசில் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருப்பாய். இருபத்தோராம் நாள் காலையில் அடைகாக்கும் இயந்திரத்தின் கதவைத் திறக்கும்போது அதன் முன்னால் நிற்கப்போவது நீயும் இல்லை, நானும் இல்லை. முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் சுமனாதான் நிற்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் அவள்தான் நின்றாள்.

"ஒரு நாள் வேலை" என்றாய் பார், அந்த இடத்தில்தான் என் கையில் இருந்த தேத்தண்ணீர் சட்டையில் கொட்டியது. ஏனென்றால் அதே சொற்களை அதே ஹாஜியாரிடம் நானும் சொல்லியிருக்கிறேன். நீ என் மகன் என்பதற்கு உன் மூக்கைத் தவிர வேறு சான்று கிடைக்காதா என்று இத்தனை நாள் தேடினேன். கிடைத்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷமில்லை.

அந்த அறையை நீ கடைசியாகப் பார்த்தது ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில். கோழி நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதைப் பார்த்தது என்று சொல்லலாமென்றால். ஆகவே ஒருமுறை விவரமாகச் சொல்கிறேன். ஆளுயரத்துக்கு ஓர் அலுமாரி, அதுதான் அடைகாக்கும் இயந்திரம். உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. தாய்க்கோழி அடைகிடக்கும்போது முட்டையை அலகாலும் காலாலும் புரட்டிக்கொண்டே இருக்கும். அதன் வேலையை இங்கே தனக்குள்ளேயே டைமர் வைத்த ஒரு மோட்டார் செய்கிறது. மணிக்கு ஒருமுறை தட்டுகளை மெல்ல ஒரு பக்கம் சரிக்கும், அடுத்த மணிக்கு மறுபக்கம். சரியும்போது யாரோ தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பதினெட்டு நாள் இப்படி. பதினெட்டாம் நாள் அதை நிறுத்திவிட வேண்டும். ஏனென்றால் அப்போது உள்ளே கிடப்பது முழுக் குஞ்சு. அது தலையைத் திருப்பி, ஓட்டுக்குள் எந்தப் பக்கம் காற்று இருக்கிறதென்று கண்டுபிடித்து, அலகை அங்கே வைத்துக் காத்திருக்கும். அந்த மூன்று நாளும் அதன் உலகம் அசையக் கூடாது. அசைந்தால் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். தப்பான பக்கத்தில் தட்டும். கொஞ்ச நேரம் தட்டும். பிறகு தட்டாது.

இந்த நிறுத்தும் வேலையையும், சூடு ஈரம் பார்க்கும் வேலையையும் ஒரு கம்பியூட்டரிடம் கொடுக்கலாம் என்று ஹாஜியாருக்குச் சொன்னதே நான்தான். மாத்தளை டவுனில் துணிக்கடைக்கு மேலே நான் கம்பியூட்டர் கிளாஸ் நடத்திய காலம் அது. கீழே சேலை வாங்க வருகிறவர்கள் தப்பி மேலே ஏறி வந்து, "இங்க ரவிக்கத் துணி இல்லியா?" என்று கேட்பார்கள். அப்படி மகளுக்குத் துணி எடுக்க வந்து தப்பி ஏறியவர்தான் ஹாஜியார். பேச்சோடு பேச்சாக நான் ப்ரோக்ராம் எழுதித் தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன். எந்த மொழியில் எழுதுகிறேன் என்று விளக்கியபோது, பைத்தன் என்றால் மலைப்பாம்பு என்று எவனோ அவருக்குச் சொல்லிவிட்டான்.

"டீச்சர், பாம்பையா கோழி ரூமுக்குள்ள கொண்டாறீங்க?"

"பேருதான் ஹாஜியார் பாம்பு. கடிக்காது."

"மலப்பாம்பு கடிக்காது டீச்சர், முழுங்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பு அவ்வப்போது என் காதில் கேட்கிறது.

ப்ரோக்ராம் நன்றாகத்தான் ஓடியது, அல்லது ஓடியதாக எல்லோரும் சொன்னோம். முதல் தடவை முக்கால்வாசிக்கு மேல் பொரித்தவுடன் ஹாஜியார் என்னை மாலை போட்டு நிற்கவைத்து ஒரு படம் பிடித்து, கண்ணாடி போட்டு அந்த அறைச் சுவரில் மாட்டினார். படத்தில் எனக்குக் கண் மூடியிருக்கிறது. மாலையோடு கண்ணையும் மூடினால் படம் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. புதிதாக முட்டை கொண்டுவருகிறவர்கள் எத்தனையோ பேர் அதற்குக் கீழே நின்று, "பாவம், எப்ப தவறினாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இனி சுமனா. வில்கமுவக்காரி. நாவுலையில் ஒரு அறை எடுத்துத் தங்கி அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறாள். முட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்து உயிர் உண்டா இல்லையா என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் இருவரும் பேசுவது சிங்களத்தில். கடிதம் தமிழ் என்பதால் அவளையும் தமிழ் பேசவைக்கிறேன், அவள் அறிந்தால் சிரிப்பாள். அவளைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. முட்டை வைத்த நாளிலிருந்து எண்ணி நாட்காட்டியில் பதினெட்டாம் நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வைப்பாள். அன்று காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து, இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிவாள். ஒரு நிமிஷம். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவாள். நான் ஒருமுறை பார்த்துவிட்டு, "சுமனா மெஷினுக்குப் பூசை வக்கிறா. நான் எழுதின ப்ரோக்ராமுக்கு அவதான் பூசாரி, கபுராள" என்று ஹாஜியாரிடம் சொன்னேன். கோயிலில் சொன்னேன், கிளாசில் சொன்னேன், உனக்கும் சொன்னேன், நீயும் சிரித்தாய். ஞாபகமிருக்கிறதா?

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு பயம் பிடித்தது. பைத்தன் இரண்டை அதை உருவாக்கியவர்களே கைவிட்டு நாளாகிவிட்டது, இனி அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க யாரும் வரமாட்டார்கள் என்று படித்தேன். பயத்தைவிடப் பெரிதாக ஒரு வீறாப்பும் இருந்தது. உன்னை மாதிரிப் பிள்ளைகள் எல்லாம் மூன்றில் எழுதும்போது நான் மட்டும் இரண்டில் கிடப்பதா? நீ சொல்கிற அதே கருவியை எடுத்து, பழைய ப்ரோக்ராமை உள்ளே விட்டேன். இருபது இடத்தில் திருத்திக் கொடுத்தது. ஓட்டினேன். நாலு இடத்தில் அலறியது. அலறிய இடத்தையெல்லாம் திருத்தினேன். பிறகு அலறவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். மகன், நான் உனக்குச் சொல்லவேண்டியதில் பாதி இந்த இடத்தில் இருக்கிறது. ஒரு மொழி பதிப்பு மாறும்போது அலறுகிற பிழை உன் கூட்டாளி. அது கையைப் பிடித்து இழுத்து, இங்கே பார் என்கிறது. அலறல் நின்ற பிறகு மிஞ்சுகிறதே ஓர் அமைதி, அதை நம்பாதே. இரண்டு பதிப்பிலும் செல்லுபடியாகும், ஆனால் இரண்டிலும் வேறுவேறு அர்த்தம் தரும் ஒரு வரி உள்ளே உட்கார்ந்திருக்கும். கருவி அதைத் தொடாது. தொட அதற்குக் காரணமே தெரியாது.

என் ப்ரோக்ராமில் அது நாற்பத்தோராவது வரி. இயந்திரம் மணிக்கணக்கில் எண்ணும். அதை இருபத்துநாலால் வகுத்தால் எத்தனையாம் நாள் என்று வரும். நாள் பதினெட்டா, பத்தொன்பதா, இருபதா என்று பார்த்து, ஆமென்றால் புரட்டுவதை நிறுத்து என்று எழுதியிருந்தேன். பழைய பதிப்பு நம் ஊர் ஆட்களைப் போல. உன்னிடம் வயது கேட்டால் இருபத்தாறு என்கிறாய், அடுத்த பிறந்தநாள் வரை இருபத்தாறுதான். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தை வீசிவிடும். பதினெட்டு நாளும் ஒரு மணி நேரமும் ஆனாலும் அதற்குப் பதினெட்டுத்தான். புதிய பதிப்பு அப்படியில்லை. அது நேர்மையானது. பதினெட்டு நாளும் ஒரு மணி நேரமும் என்றால், பதினெட்டுப் புள்ளி பூஜ்யம் நாலு என்று சொல்லும். இது பதினெட்டா என்று என் வரி கேட்கும். இல்லை என்று அது உண்மையைச் சொல்லும். இல்லையென்றால் தொடர்ந்து புரட்டு.

ஆக, நிறுத்து என்பது சரியாகப் பதினெட்டு நாள் முடிகிற அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான். காலை பத்து முதல் பதினொன்று வரை. மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும், மிச்சம் இருபத்துமூன்று மணி நேரம் புரட்டும். ஹாஜியார் தினம் அறையை எட்டிப் பார்க்கும் நேரம் எது தெரியுமா? காலை பத்து. இதை யாராவது திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

அந்தப் பதினெட்டாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நான் மாத்தளையிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். புதிய பதிப்பு முதன்முதலாக நிறுத்துவதைப் பார்க்க ஹாஜியார் வீட்டிலிருந்து வட்டலப்பம் கொண்டுவந்திருந்தார், ஜும்மாத் தொழுகைக்குப் போகுமுன் கொண்டாடிவிடலாம் என்று. சரியாகப் பத்து மணிக்குத் திரையில் நிறுத்தம் என்று பச்சை எழுத்து வந்தது. ஹாஜியார் கைதட்டினார். குஞ்சு ஏற்றும் லொறிப் பையன்கள் விசிலடித்தார்கள். சுமனா வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நின்றவள் என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்:

"மிஸ், நான் வழக்கமா செய்றதச் செய்யவா?"

எல்லோர் முன்னாலும் பூசையா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. வாயில் வட்டலப்பம் வேறு. "ஒண்ணும் செய்யாதீங்க சுமனா. இது புதுசு. எதையும் தொடாதீங்க. எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரி மிஸ் என்றாள். நான் இரண்டாவது கோப்பையைக் கேட்டேன்.

இருபதாம் நாள் காதை அலுமாரிக் கதவில் வைத்தால் உள்ளே கீச்சுக் கீச்சென்று கேட்கும், ஓட்டுக்குள்ளிருந்தே பேசிக்கொள்ளும். அன்றும் கேட்டதாகச் சுமனா பிறகு சொன்னாள். ஆனால் முனகலும் கூடவே கேட்டதாம். இருபத்தோராம் நாள் திங்கட்கிழமை நானும் போனேன். கதவைத் திறக்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாளில் அந்த அறை சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும். அன்று சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. சுமனா கதவைத் திறந்தாள். உள்ளே என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. முப்பது நாற்பது உயிரோடு இருந்தன. சில முட்டைகளில் ஓட்டின் தப்பான பக்கத்தில் ஊசி குத்திய மாதிரி ஒரு சின்னத் துளை இருந்தது. அவ்வளவு தூரம்தான் வந்திருந்தன.

ஹாஜியார் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதருக்கும் கோபம் வரும்போது எதிரில் நிற்பவர்மேல்தான் வரும். "கதவத் தொறந்து வச்சியா சுமனா? சூடு எறங்கிருச்சு, கதவத் தொறந்து வச்சிருக்கே!" என்று முற்றத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினார். குஞ்சு வாங்கிப்போக வில்கமுவவிலிருந்து ட்ரெக்டரில் வந்திருந்த பெண்கள், அவளுடைய சொந்த ஊர்க்காரிகள், வெறும் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். சுமனா என் பக்கம் திரும்பினாள். ஒரே ஒருமுறை. நான் ப்ரோக்ராமில்தான் ஏதோ என்று சந்தேகப்பட்டேன், மகன். சந்தேகம் என்ன, நெஞ்சுக்குள் உறுதியாகத் தெரிந்தது. அப்படியிருந்தும் என் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். எதைத் தேடினேன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு எல்லோரும் போனதும் பென் ட்ரைவிலிருந்து பழைய பதிப்பை இரண்டு நிமிஷத்தில் திரும்பப் போட்டுவிட்டு, பழையதுதான் நல்லது ஹாஜியார் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சுமனா ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் ஹாஜியார் முட்டையே வைக்கவில்லை. அவரால் முட்டையில் உயிரிருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது, அவளைக் கூப்பிடவும் முடியாது. கடைசியில் அவரே வில்கமுவவுக்கு மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். வந்த அன்று அவள் என்னிடம் ஃபோனில், "மிஸ், இனி பழையபடி செய்யலாமா?" என்று கேட்டாள். குற்ற நெஞ்சு பேசியது: "செய்ங்க சுமனா, தாராளமா செய்ங்க, எல்லாம் பழையபடியே." அந்தத் தடவை எல்லாம் பொரித்தது. அதற்கு அடுத்ததும். பழைய பதிப்பு போட்டால் பொரிக்கிறது, புதியது போட்டால் சாகிறது. வேறு என்ன நிரூபணம் வேண்டும்? நாலு மாதம் கழித்து வீட்டு மேசையில் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து நாற்பத்தோராவது வரியைக் கண்டுபிடித்தபோது எனக்கு அழுகை வந்தது, கூடவே, உன் அம்மா அல்லவா, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் லொறிப் பையன்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். கதவு சுமனா. "கதவு சுமனா, கதவ மூடிட்டியா?" தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகிறவன்கூட ஹோர்னை அடித்துவிட்டுக் கத்துகிறான். மூன்று வருஷமாக அவள் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது நீ போய் மாற்றி, மறுபடி அந்த அறை அமைதியானால், யாரும் உன் பெயரைச் சொல்லமாட்டார்கள். என் படம் சுவரில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். கதவு சுமனா மறுபடி கதவைத் திறந்துவிட்டாள் என்பார்கள். இந்தத் தடவை ஹாஜியார் மோட்டார் சைக்கிளை எடுக்கமாட்டார்.

நீ ஏழாம் வகுப்பில் கண்ணாடி மாற்றியது ஞாபகமிருக்கிறதா? பழைய கண்ணாடி தப்பு, புதியதுதான் சரி என்று டொக்டர் சொன்னார். போட்டுக்கொண்டு கோயில் படியில் இறங்கினாய், நாலாவது படியில் உருண்டாய். கண்ணுக்குப் படி சரியான இடத்தில் தெரிந்தது. ஆனால் உன் கால் பழைய தப்புக்குப் பழகி, அதற்கேற்ற மாதிரி ஒரு விரற்கடை தள்ளி மிதிக்கக் கற்றிருந்தது. கண் திருந்தியதைக் காலுக்கு யாரும் சொல்லவில்லை. நான் அன்று உன்னைத்தான் திட்டினேன், வானத்தைப் பார்த்து நடக்கிறாய் என்று. இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அன்று உடைந்த பல்லுக்கும் சேர்த்து.

ஆகவே மகன், அம்மா சொல்வதைக் கேள். நாற்பத்தோராவது வரியில் வகுத்தலுக்குப் போட்ட ஒற்றைச் சாய்கோட்டை இரட்டையாக்கு, அப்போது இரண்டு பதிப்பிலும் மிச்சத்தை வீசும். அதோடு நிறுத்தாதே. அந்த மாதிரி இன்னொன்று எங்கேயாவது இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்று என்பதால் இருப்பது ஒன்று என்று ஆகாது. சோதித்துப் பார்க்கும்போது முழு எண்ணைக் கொடுக்காதே. நீ பதினெட்டு நாள் என்று கொடுப்பாய், அது நிறுத்தும், நீயும் கைதட்டுவாய். பதினெட்டு நாளும் ஒரு மணி நேரமும் கொடு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இருபத்தொரு நாளின் ஒவ்வொரு மணிக்கும் இரண்டும் ஒரே பதில் சொல்கிறதா என்று பார். ஒரு மணியில் மாறினாலும் அந்த இடத்தில் குனிந்து பார். புது லெப்டொப், புதுப் பதிப்பு, புது முட்டை மூன்றையும் ஒரே திங்கட்கிழமையில் வைக்காதே. முடிந்தால் விமானச் சீட்டைத் தள்ளிப்போடு. முடியாதென்று தெரிந்துதான் கேட்கிறேன்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டேன். பிறகு அப்பா ஒன்று சொன்னார். "இத அவனுக்கு எழுதி என்னா? அந்தப் பொம்பளைக்கில்ல சொல்லணும்." பேப்பரைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார், அதனால் பயந்துபோய் நேற்றுக் காலை நாவுல பஸ்ஸில் ஏறினேன்.

முற்றத்தில் லொறி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று அங்கேயே, ஹாஜியார் முன்னாலும் பையன்கள் முன்னாலும் சொன்னேன். கதவு திறந்து இருக்கவில்லை, தப்பு என்னுடையது, ப்ரோக்ராமை மாற்றியது நான், தெரிந்தும் வாயைத் திறக்காதவளும் நான். வகுத்தல், மிச்சம், சாய்கோடு எல்லாவற்றையும் விளக்கினேன். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஹாஜியார் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நான்தானே டீச்சர் கத்தினேன்" என்றார். எழுந்து சுமனா முன்னால் போய் நின்றார். "மன்னிச்சிக்க புள்ள." அந்தப் பெயரை இனி எவனாவது சொன்னால் லொறியில் ஏற வேண்டாம் என்று பையன்களுக்கும் சொன்னார்.

சுமனா அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். என் படத்துக்குக் கீழே, இயந்திரத்துக்குப் பின்னால், அவள் பூசை வைக்கும் அதே இடத்தில் என்னைக் குனியவைத்தாள்.

"இது என்னா மிஸ்?"

சுவரில் ஒரு பிளக். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் நேராகப் புரட்டும் மோட்டாருக்குப் போயிருந்தது. கம்பியூட்டரிலிருந்து வந்த வயர் பக்கத்தில் ஓர் ஆணியில் சுற்றித் தொங்கியது, நுனியில் எதுவும் இல்லாமல்.

"மொத வருஷம் இடி விழுந்து, கம்பியூட்டரையும் மோட்டாரையும் சேக்கிற பெட்டி கருகிச்சுல்ல? கரண்டு வேல பாக்கிற வயரிங் பாஸ் வந்து, தற்காலிகமா இருக்கட்டும்னு நேரா செவத்துல குடுத்துட்டுப் போனாரு. திரும்பி வரல. பதினெட்டாம் நாள் காலையில நான்தான் புடுங்குவேன்."

"ஏன் சுமனா எனக்குச் சொல்லல?"

"சொன்னா ஒங்க படத்தக் கழட்டிருவாங்களே மிஸ்."

அந்த மோட்டார் ஒன்பது வருஷமாக என் ப்ரோக்ராமோடு சேர்க்கப்பட்டிருக்கவில்லை, மகன். எந்தப் பதிப்பு ஓடினாலும் அதற்குத் தெரியாது. நான் தொடாதே என்ற அந்த ஒரு தடவையைத் தவிர எல்லாத் தடவையும் சுமனா பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள்.